கம்ப்யூட்டரும் ‘ப்ராக்ஸி’ கொடுக்கிறது!

சோம்பலைப் புகழ்ந்து பேசியவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. திருக்குறளில் ‘மடியின்மை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. கொங்கு நாட்டைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். மழை பொய்த்தாலும் பூமியை ஆழத் துளைத்துத் தண்ணீர் தேடும் சீமை இது. “ஏனுங்க, சும்மாதான் இருக்கறீங்களா?” என்று ஒருவரைக் கேட்டால், அந்த மரியாதைக்குள்ளேயே பாதி வசவு ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட கோயமுத்தூரில், சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சியிலும் எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டிடங்களுக்குள், படித்த வாலிபர்கள் சோம்பலை ஒரு தொழில் நுணுக்கமாகப் பயின்று, அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

உண்மைதான். அந்த நுணுக்கத்திற்குப் பெயரே ‘லேஸி லோடிங்’. அதாவது சோம்பலாக ஏற்றுவது. ஒரு வேலைக்கு வேண்டிய உறுப்பை, அந்த வேலை வாசலில் வந்து நிற்கும் வரையில் தயார் செய்யாமலே வைத்திருப்பது. அதுவரை அதன் இடத்தில் ஒரு பதிலாளை உட்கார்த்தி வைப்பது. அந்தப் பதிலாளுக்கு ‘ப்ராக்ஸி’ என்று பெயர். கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டதுமே சிரிப்பு வரும். வரட்டும், அந்தச் சிரிப்பு நமக்குப் பிற்பாடு உபயோகப்படும்.

முதலில் சோமனூர் வரை போய் வருவோம்.

பாவு யார் கொண்டுவருவது?

சோமனூர், பல்லடம், அவிநாசிப் பக்கங்களில் விசைத்தறி ஓடும் சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு. அங்கே தறி வைத்திருப்பவர் பலர் கூலிக்கு நெய்பவர்கள். அவர்கள் நூல் வாங்க மார்க்கெட்டுக்குப் போவதில்லை. நூல் என்ன விலை, எந்த மில் நூல், எத்தனையாம் நம்பர் என்ற கவலையெல்லாம் ஜவுளி உற்பத்தியாளருடையது. பாவும் ஊடையும் அவரிடமிருந்து வரும். தறிக்காரர் பாவைத் தறியில் ஏற்றி, துணியை நெய்து கொடுத்துக் கூலி பெறுவார். நாளைக்கு உற்பத்தியாளர் வேறு மில்லின் நூலைக் கொடுத்தாலும் தறியைப் பிரித்து மாற்ற வேண்டியதில்லை. சொன்ன நம்பரில், சொன்ன நீளத்தில் இருந்தால் போதும்.

கம்ப்யூட்டர் புரோகிராம் என்பதும் இப்படிப் பல தறிகள் சேர்ந்த ஒரு கூடம்தான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புரோகிராமை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரைப் பதிவது ஓர் உறுப்பு. பரிசோதனை முடிவுகளை வைத்திருப்பது ஓர் உறுப்பு. பில் போடுவது ஓர் உறுப்பு. காப்பீட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு பேசி அனுமதி வாங்குவது மற்றோர் உறுப்பு. பில் போடும் உறுப்புக்குக் காப்பீட்டு உறுப்பின் உதவி தேவை. அதற்கு வெளியூர்க் கம்ப்யூட்டரோடு இணைக்கும் உறுப்பின் உதவி தேவை. இப்படி ஒன்றை இழுத்தால் ஒன்பது வரும்.

பழைய முறையில் பில் போடும் உறுப்பே, தனக்கு வேண்டிய காப்பீட்டு உறுப்பைத் தானே செய்துகொள்ளும். தறிக்காரரே பருத்தி வாங்கி, நூற்று, பாவு ஓட்டி, அப்புறம் நெய்வது போல. காப்பீட்டுக் கம்பெனி மாறினால் பில் உறுப்பைப் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிடும். புதிய முறையில் பில் உறுப்பு, “எனக்குக் காப்பீட்டு வேலை தெரிந்த ஒருவர் வேண்டும்” என்று மட்டும் சொல்லி நின்றுகொள்கிறது. அவரைக் கொண்டுவந்து கையில் கொடுப்பது நடுவிலே உள்ள ஓர் அமைப்பின் பொறுப்பு. இதற்கு ‘டிபென்டென்சி இன்ஜெக்ஷன்’ என்று பெயர். சார்ந்திருப்பதை வெளியிலிருந்து புகுத்துவது என்று பொருள். அந்த நடு அமைப்புக்குக் ‘கன்டெய்னர்’ என்று பெயர். நம் ஊர் வழக்கில் அதுதான் ஜவுளி உற்பத்தியாளர்.

இந்த ஏற்பாட்டைப் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ராட் ஜான்சன். 2002-ம் ஆண்டில் வெளியான அவருடைய ஒரு புத்தகத்தோடு வந்த சுமார் 30,000 வரி புரோகிராமிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஸ்பிரிங்’ என்னும் அமைப்பு. அதன் முதல் முழுப் பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. ‘ஸ்பிரிங்’ என்றால் இங்கே சுருள் கம்பியல்ல, வசந்த காலம். அதற்கு முன் ஜாவா மொழிக்காரர்கள் பட்ட பாட்டைக் குளிர்காலம் என்று எண்ணி, அதற்குப் பின் வரும் வசந்தம் என்று பெயர் வைத்தார்களாம். அதே 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபௌலர் என்பவர் எழுதிய கட்டுரையினால் ‘டிபென்டென்சி இன்ஜெக்ஷன்’ என்ற பெயர் நிலைத்தது. இன்று கோயமுத்தூரில் ஜாவா தெரிந்தவர் என்று வேலைக்குப் போகும் இளைஞர் இந்த வசந்த காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் தப்ப முடியாது.

காலையில் ஒரு தொல்லை

கன்டெய்னர் வந்ததால் ஒரு சௌகரியம். கூடவே ஒரு தொல்லை.

காலையில் புரோகிராமை ஓட்டத் தொடங்கியதும், கன்டெய்னர் தன்னிடமுள்ள எல்லா உறுப்புகளையும் வரிசையாகச் செய்யத் தொடங்கிவிடும். ஸ்பிரிங்கில் இதுதான் சாதாரண வழக்கம். பில் உறுப்பைச் செய்யுமுன் காப்பீட்டு உறுப்பைச் செய்ய வேண்டும். அதைச் செய்யுமுன் இணைப்பு உறுப்பைச் செய்ய வேண்டும். அது வெளியூர்க் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, பதில் வரும் வரையில் காத்திருக்கும். நூறு உறுப்புகள் இருந்து, ஒவ்வொன்றும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொண்டாலும், மொத்தம் பத்து வினாடி ஆகிவிடுகிறது. பத்து வினாடி பெரிய விஷயமா என்று கேட்கலாம். புரோகிராம் எழுதும் பையன் ஒரு நாளில் அதை ஐம்பது தடவை நிறுத்தி ஓட்டிப் பார்க்கிறான். ஒவ்வொரு தடவையும் பத்து வினாடி சும்மா உட்கார்ந்திருக்கிறான். நடுவில் டீக்கடை ஞாபகம் வந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரை எல்லோரும் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. வேறொருவருடைய யந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். சில ஏற்பாடுகளில், வாடிக்கையாளர் வந்தால்தான் யந்திரமே எழுந்திருக்கும். வேலை முடிந்ததும் அணைந்துவிடும். ஓடிய நேரத்துக்குத்தான் வாடகை. அங்கே ஒருவர் தன் பெயரைப் பதிவதற்காக நூறு உறுப்புகளையும் எழுப்பினால், கல்யாண மண்டபத்தின் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுவது போலத்தான்.

ஆஸ்பத்திரிப் புரோகிராமில் ஆண்டுக் கணக்கு அறிக்கை தயாரிக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வேலை. அதைத் தினமும் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி உட்கார்த்தி வைப்பானேன்?

“உள்ளேன் ஐயா!”

இங்கேதான் கல்லூரி வந்து சேருகிறது.

ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். பையன் விடுதியில் போர்த்திப் படுத்திருக்கிறான். நண்பன் குரலைச் சற்று மாற்றி, “உள்ளேன் ஐயா!” என்கிறான். பதிவேட்டில் குறியும் விழுந்துவிடுகிறது. இதற்குத்தான் ‘ப்ராக்ஸி கொடுப்பது’ என்று பெயர். இந்தப் பழக்கம் இல்லாத கல்லூரி இந்தியாவில் இருந்தால் அதன் முதல்வருக்கு விழாவே எடுக்கலாம்.

கன்டெய்னர் செய்வதும் இதுவே. பில் உறுப்பு, “காப்பீட்டுக்காரர் எங்கே?” என்று கேட்டால், உண்மையான காப்பீட்டு உறுப்பைச் செய்யாமல், அதே முகமுள்ள ஒரு பதிலாளைச் செய்து கையில் கொடுத்துவிடுகிறது. பதிலாளுக்குள்ளே ஒன்றுமில்லை, உண்மையானவரை எப்படிச் செய்வது என்ற விலாசம் மட்டும் இருக்கிறது. ஆகவே அவரைச் செய்ய நேரமே ஆவதில்லை. பில் உறுப்பும் திருப்தியாக உட்கார்ந்துவிடுகிறது. முற்பகல் பதினொரு மணிக்குக் காப்பீடு உள்ள முதல் நோயாளி வந்து, பில் உறுப்பு முதல் கேள்வியைக் கேட்கிறது. அப்போது பதிலாள் ஓட்டமாக விடுதிக்கு ஓடி, உண்மையானவரை எழுப்பி, கேள்வியை அவரிடம் சொல்லி, பதிலை வாங்கிக் கொடுக்கிறார். இரண்டாவது கேள்வியிலிருந்து ஓட்டம் கிடையாது. உண்மையானவர் பின்னாலேயே நிற்கிறார். பதிலாள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடும் வேலையை மட்டும் செய்கிறார்.

‘அதே முகம்’ என்றேனே, அது எப்படி? இரண்டு வழிகள் இருக்கின்றன. காப்பீட்டு உறுப்பு என்னென்ன வேலை செய்யும் என்று முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தால், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட எவரும் பதிலாள் ஆகலாம். ஜாவா மொழியில் இப்படிப் பதிலாளை ஓடும்போதே உண்டாக்கும் வசதி 2000-ம் ஆண்டில் வந்தது. ஒப்பந்தம் இல்லையென்றால், உண்மையானவருக்கு ஒரு வாரிசை உண்டாக்கி, அந்த வாரிசையே பதிலாளாக நிறுத்துவார்கள். பிள்ளைக்கு அப்பன் சாயல் இருக்கும் அல்லவா? ஆனால் புரோகிராம் எழுதியவர், ‘இதற்கு வாரிசு கூடாது’ என்று முத்திரை போட்டு வைத்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இதிலே புதியவர்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. காப்பீட்டு உறுப்பின் தலையில் மட்டும் ‘சோம்பல்’ என்று எழுதி ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் சோம்பல் இல்லாத பில் உறுப்புக்கு அவர் நேரடியாகத் தேவைப்பட்டால், கன்டெய்னர் அவரைக் காலையிலேயே எழுப்பித்தான் தீரும். முன்பெஞ்சுக்காரன் ஒருவன், “அவன் வராமல் நான் உட்கார மாட்டேன்” என்று அடம் பிடித்தால், தூங்குகிறவன் எழுந்துதானே ஆக வேண்டும்? ஆகையால், கேட்கிறவர் கை நீட்டும் இடத்திலும் ‘பதிலாள் போதும்’ என்று எழுத வேண்டும். ஸ்பிரிங் அமைப்பில் இரண்டு இடங்களிலும் இடுகிற குறி ஒன்றேதான். பலன் மட்டும் வேறு.

இரு மான்செஸ்டர்கள்

கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லி நமக்கு அலுத்துவிட்டது. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய நூற்பாலைதான் அந்தப் பெயருக்கு வித்து. ஆனால் இந்தச் சோம்பல் கலையின் ஒரு வேர் அசல் மான்செஸ்டரில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1962 டிசம்பரில் அந்த ஊர்ச் சர்வகலாசாலையில் ‘அட்லஸ்’ என்னும் கம்ப்யூட்டர் திறந்து வைக்கப்பட்டது. டாம் கில்பர்ன் என்பவர் தலைமையில் கட்டியது. அதன் வேகமான ஞாபக சக்தி மிகச் சிறியது. சுமார் 16,000 சொற்கள். மெதுவாகச் சுழலும் உருளையிலே அதைப்போல் ஆறு மடங்கு இடமிருந்தது. பெரிய கணக்கைச் சிறிய இடத்தில் எப்படிப் போடுவது? கணக்கை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தார்கள். எல்லாப் பக்கங்களும் வேகமான இடத்திலேயே இருப்பதாகப் புரோகிராமை நம்ப வைத்தார்கள். அது ஒரு பக்கத்தைத் தொடும்போது அந்தப் பக்கம் அங்கே இல்லையென்றால், யந்திரம் சட்டென்று வேலையை நிறுத்தி, உருளையிலிருந்து அதை எடுத்து வந்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் தொடரும். இன்று உங்கள் சட்டைப் பையில் உள்ள கைப்பேசியும் இந்தத் தந்திரத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

‘லேஸி’ என்ற சொல்லைப் புரோகிராம் மொழிக்காரர்கள் 1976 வாக்கில் ஆய்வுக் கட்டுரைகளில் வழங்கத் தொடங்கினார்கள். 1994-ல் காமா, ஹெல்ம், ஜான்சன், விளிசைட்ஸ் என்னும் நால்வர் சேர்ந்து, புரோகிராம் எழுதுவோர் திரும்பத் திரும்பக் கையாளும் 23 உத்திகளைத் தொகுத்து வெளியிட்டபோது, பதிலாளும் அதில் இடம்பெற்றார். அவர்கள் காட்டிய உதாரணம் சுலபமானது. நூறு பக்கப் பத்திரத்தில் பெரிய படங்கள் இருந்தால், பத்திரத்தைத் திறந்ததும் எல்லாப் படங்களையும் ஏற்றாதே; படம் இருக்கும் இடத்தில் அதன் அளவு தெரிந்த ஒரு சட்டத்தை நிறுத்து; வாசகன் அந்தப் பக்கத்துக்கு வரும்போது படத்தை ஏற்று. இந்த நால்வரில் உள்ள ஜான்சன் வேறு, ஸ்பிரிங் செய்த ஜான்சன் வேறு. நம் ஊரில் பழனிச்சாமி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பதில்லையா, அது போல.

கூகிள் ஸ்தாபனம் 2007-ல் வெளியிட்ட ‘கைஸ்’ என்னும் கன்டெய்னரில் வேறொரு வழியும் உண்டு. பதிலாளுக்குப் பதில், கேட்கிறவர் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்துவிடலாம். வேண்டும்போது டோக்கனை நீட்டினால் உண்மையான உறுப்பு கிடைக்கும். மைக்ரோசாஃப்ட்காரர்கள் 2010-ல் தங்கள் டாட் நெட்டில் ‘லேஸி’ என்ற பெயரிலேயே இத்தகைய டோக்கனை வைத்தார்கள். என் அபிப்பிராயத்தில் இதுவே யோக்கியமான வழி. கையில் இருப்பது டோக்கன்தான், சாப்பாடு அல்ல என்று வாங்குகிறவருக்கு வெளிப்படையாகத் தெரியும். பதிலாளிடம் அந்த நேர்மை இல்லை. அவருடைய சாமர்த்தியமே தான் பதிலாள் என்று தெரியாமல் இருப்பதுதான். ஆனால் டோக்கன் வழியில் பில் உறுப்பின் வாக்கியங்களையே மாற்றி எழுத வேண்டும். பதிலாள் வழியில் ஒரு வரியையும் தொட வேண்டாம். ஆயிரக்கணக்கான வரிகளை ஏற்கெனவே எழுதி வைத்திருப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரவு இரண்டு மணி

எல்லாம் சரி, ஆசிரியர் திடீரென்று கேள்வி கேட்டுவிட்டால்? கல்லூரியில் பதிலாள் விழிப்பதும், வகுப்பு சிரிப்பதும், இருவருமே வெளியே நிற்பதும் வேடிக்கைதான். ஆஸ்பத்திரியில் அது வேடிக்கையல்ல.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரின் கடவுச் சொல்லை மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் புரோகிராமில் பழைய சொல்லே இருக்கிறது. சனிக்கிழமை காலை புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினார்கள். எல்லா உறுப்புகளையும் காலையிலேயே எழுப்பும் வழக்கமிருந்தால், காப்பீட்டு உறுப்பு எழும்போதே “சொல் தவறு” என்று அலறியிருக்கும். இன்ஜினீயர் பக்கத்திலேயே நின்றிருப்பார். அரைமணி நேரத்தில் சரி செய்திருப்பார்.

சோம்பல் முறையில் நடப்பது வேறு. பதிலாள், “உள்ளேன் ஐயா!” என்று சொல்லிவிட்டார். பச்சை விளக்கு எரிகிறது. இன்ஜினீயர் திருப்தியுடன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு, அவிநாசி ரோட்டில் விபத்துக்குள்ளான ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். அவருடைய அண்ணன் காப்பீட்டு அட்டையை நீட்டிக்கொண்டு கவுண்டரில் நிற்கிறார். அந்த ஞாயிற்றில் வந்த முதல் காப்பீட்டுக் கேள்வி அதுதான். பதிலாள் விடுதிக்கு ஓடுகிறார், எழுப்பப் பார்க்கிறார், உள்ளே இருப்பவரால் எழுந்திருக்க முடியவில்லை. திரையில் யாருக்கும் புரியாத நீண்ட ஆங்கில வாசகம் ஒன்று வருகிறது. “என்னங்க ஆச்சு? அட்டை செல்லாதுங்களா?” என்று அண்ணன் கேட்கிறார். கவுண்டரில் உள்ள பெண்ணுக்கு என்ன தெரியும்? அட்டையில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் சனிக்கிழமை காலை முதல் அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தது.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. ஸ்பிரிங் அமைப்பின் உடன்பிறப்பான ‘ஸ்பிரிங் பூட்’டில், 2019 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து, ஒரே வரி எழுதினால் எல்லா உறுப்புகளையும் சோம்பலாக்கிவிடலாம். அந்த வசதியைக் கொடுத்தவர்களே தங்கள் கையேட்டில் இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். கோளாறுகள் தாமதமாகத்தான் தெரியவரும் என்பது ஒன்று. காலையில் எழுந்த உறுப்புகளுக்கு மட்டும் இடம் போதுமா என்று பார்க்காமல், எல்லோரும் எழுந்தபின் இடம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பது இரண்டாவது. இருபது பேர் தூங்கும் வரை அறை விசாலமாகத்தான் தெரியும்!

வேறு சங்கடங்களும் உண்டு. தூங்குகிறவரை எழுப்பும் சிரமம் முதல் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. காலை பத்து மணிக்குத் தட்கல் டிக்கெட்டுக்குக் காத்திருப்பது போன்ற கூட்டம் உள்ள இடத்தில், பத்து மணி அடித்தபின் உறுப்புகளை எழுப்பத் தொடங்கினால் என்ன ஆகும்? இரண்டு பேர் ஒரே கணத்தில் முதல் கேள்வியைக் கேட்டால், பதிலாள் ஒருவருக்காக ஓர் உறுப்பும் மற்றவருக்காக வேறோர் உறுப்பும் செய்துவிடக்கூடும். அதைத் தடுக்க ஒரு பூட்டுப் போட வேண்டும். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வாசலில் நிற்க வேண்டும்.

தகவல்களைச் சேமித்து எடுக்கும் புரோகிராம்களில் இதைவிடப் பெரிய கூத்து நடக்கும். கேவின் கிங் என்பவர் 2001-ல் தொடங்கிய ‘ஹைபர்னேட்’ என்னும் அமைப்பு இதற்குப் பேர்போனது. ‘ஹைபர்னேட்’ என்றால் குளிர்கால உறக்கம், பெயரிலேயே தூக்கம். அங்கே நோயாளியின் விவரத்தைக் கேட்டால் பெயரும் வயதும் வரும். மருந்துச் சீட்டுகளுக்குப் பதிலாள் வருவார். கிடங்கு திறந்திருக்கும்போதே கேட்டுவிட்டால் சீட்டுகள் கிடைக்கும். கிடங்கைப் பூட்டிவிட்டுக் கேட்டால், பதிலாள் கையை விரித்துவிடுவார். ஊடை தீர்ந்துபோன தறிக்காரர், உற்பத்தியாளரின் குடோன் சாத்திய பிறகு போய் நின்ற கதைதான்.

நூறு நோயாளிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருடைய சீட்டுகளையும் தனித்தனியே கேட்டால், பட்டியலுக்கு ஒன்றும் சீட்டுகளுக்கு நூறுமாக நூற்றொரு முறை கிடங்குக்கு ஓட வேண்டும். பையனைக் கடைக்கு அனுப்பி உப்பு வாங்கிவரச் சொல்லி, வந்ததும் புளிக்கு அனுப்பி, வந்ததும் மிளகாய்க்கு அனுப்பும் மாமியார்கள் கதையில் உண்டு. கம்ப்யூட்டரிலும் உண்டு.

கொடுக்கல் வாங்கலில் ஒரு முடிச்சு

பதிலாளை வைத்து இன்னொரு காரியமும் சாதிக்கிறார்கள். “பணம் வந்தால்தான் நூல்” என்கிறார் ஒருவர். “நூல் வந்தால்தான் பணம்” என்கிறார் மற்றவர். இருவரும் அசையவில்லை என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? புரோகிராமிலும் இப்படி நேர்வதுண்டு. பில் உறுப்பைச் செய்யக் காப்பீட்டு உறுப்பு வேண்டும். காப்பீட்டு உறுப்பைச் செய்யப் பில் உறுப்பு வேண்டும். கன்டெய்னர் திண்டாடிப் போகும். அப்போது ஒருவர் கையில் பதிலாளைக் கொடுத்துவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. அவசரத்துக்குக் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் இப்படிப் பிடித்துக்கொண்டிருப்பதே வேலைப் பங்கீட்டில் கோளாறு இருப்பதற்கு அடையாளம். 2021 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் பதிப்பு, இத்தகைய வட்டத்தைக் கண்டால் ஓடவே மறுத்துவிடும்படி ஏற்பாடு செய்தது. அப்போதும் பதிலாளைக் கொண்டு அந்தக் காவலைத் தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புத்திசாலிகள், ஆனால் அவர்களுக்குப் பின் அந்தப் புரோகிராமைப் பராமரிக்க வருகிறவர் பாவம்.

பதிலாளா, பேயா?

பதிலாளுக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. அவரும் உண்மையானவரும் இரண்டு ஆட்கள். உண்மையானவர் எங்காவது தம்மையே நேரில் அறிமுகம் செய்துகொண்டால், ஒரே பெயரில் இருவர் நடமாடுவார்கள். ‘இவரும் அவரும் ஒருவர்தானா?’ என்று புரோகிராம் ஒப்பிட்டுப் பார்த்தால் ‘இல்லை’ என்று பதில் வரும். அடையாள அட்டையில் உள்ள முகமும் எதிரே நிற்கும் முகமும் வேறாகத் தெரிந்த பரீட்சைக் கூடம்தான்.

இதற்கு ஒரு பரிகாரம் பி.எச்.பி. மொழியில் வந்திருக்கிறது. இணையப் பக்கங்களுக்காக 1990-களில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் உண்டாக்கிய மொழி அது. அதில் சாதாரணமாக ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் புரோகிராம் புதிதாகத் தொடங்கி, பக்கம் போனதும் முடிந்துவிடும். நாளுக்கு ஒரு காலை அல்ல, ஆயிரம் காலை! ஆகவே சோம்பலின் அருமை அந்த மொழிக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 2024 நவம்பர் 21-ல் வந்த 8.4 பதிப்பில், ஆர்னோ லெப்லாங்க், நிக்கோலா கிரெக்கா என்னும் இருவருடைய முயற்சியால், சோம்பல் உறுப்புகள் மொழியின் உள்ளேயே இடம்பெற்றன. அவற்றில் ஒரு வகைக்குப் பெயர் ப்ராக்ஸி. நாம் பார்த்த பதிலாள். மற்றொரு வகைக்குப் பெயர் ‘கோஸ்ட்’, அதாவது பேய்.

பயப்பட வேண்டாம். இந்தப் பேய் வேறு ஆள் அல்ல, மாணவனேதான். விடுதியில் தூங்காமல், கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து தூங்குகிறான். உடம்பு இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. யாராவது தொட்டதும் விழித்து, தன்னைத் தானே நிரப்பிக்கொண்டு பதில் சொல்கிறான். விழித்த பிறகு அவனுக்கும் மற்ற மாணவருக்கும் வித்தியாசமே தெரியாது. நடுவில் செய்தி சொல்ல ஆள் வேண்டாம். இரண்டு முகங்கள் என்ற குழப்பமும் வராது. உறுப்பைச் செய்யும் வேலை வேறொருவர் கையில் இருந்தால்தான் பழைய பதிலாள் தேவைப்படுவார்.

ஆகவே நம் ஆஸ்பத்திரிக்கு என்ன செய்யலாம்? புரோகிராம் எழுதும் பையன் தன் மேஜையில் ஓட்டிப் பார்க்கும்போது எல்லா உறுப்புகளும் தூங்கட்டும். அவனுக்குப் பத்து வினாடி மிச்சம். நோயாளிகள் வரும் யந்திரத்தில் அப்படி விடக் கூடாது. அங்கே கதவைத் திறக்குமுன், இல்லாத ஒரு நோயாளியின் பெயரில் ஒரு பொய்ப் பில் போட்டு, காப்பீட்டுக் கம்பெனியையும் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்துவிட வேண்டும். கேள்வி கேட்டால் பதிலாள் ஓடித்தானே ஆக வேண்டும்? பதில் வந்த பிறகுதான் பச்சை விளக்கு எரியலாம். காப்பீட்டு உறுப்பு, இரத்த வங்கி உறுப்பு, பரிசோதனை முடிவு உறுப்பு இவற்றையெல்லாம் பதிலாள் இல்லாமலே காலையில் எழுப்பிவிடலாம். ஆண்டுக் கணக்கு உறுப்பு மட்டும் மார்ச் 31 வரை நிம்மதியாகத் தூங்கட்டும்.